குடப்பனக்குன்று ஒளிபரப்பும் பழைய நினைவும்

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலைப் பகுதிகளில் உள்ள பழைய வீடுகளின் மொட்டைமாடிகளை அண்ணாந்து பார்த்தால், துருவேறிய இரும்புக் குழாயின் உச்சியில் வளைந்துபோன அலுமினியக் கம்பிகள் சில இன்னமும் நிற்கக் காணலாம். காக்கைகள் அமர்வதைத் தவிர வேறு பயன் அவற்றிற்கு இல்லை. 2021-ம் ஆண்டு அக்டோபருக்குள் நாட்டின் பழைய தரைவழித் தொலைக்காட்சி நிலையங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆயினும் அக்கம்பிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட மனம் வராதவர்கள் பலர் உளர். நாமும் அவர்களுள் ஒருவரே. மனம் வராத காரணம் யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நம் மலையாள நண்பர்கள் இவ்வுணர்ச்சியைக் 'கிருஹாதுரத்வம்' என்று வழங்குகின்றனர். வீட்டை நினைந்து நினைந்து நோயுறுதல் என்பது அதன் பொருள். இது வெறும் அணிநயம் அன்று. 1688-ம் ஆண்டிலே சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யோஹான்னஸ் ஹோஃபர் என்பவர், அயல்நாடுகளில் தங்கிய தம் நாட்டினர் ஊர் நினைவால் உண்ணாமலும் உறங்காமலும் மெலிவதைக் கண்டு, அதனை ஒரு நோயென்றே கருதினார். வீடு திரும்புதல், வலி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்கள் இரண்டைக் கூட்டி 'நாஸ்டால்ஜியா' என்று பெயரும் இட்டார். இன்று எவரும் அதனை நோயென்பதில்லை. தமிழில் 'பழமை ஏக்கம்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். எனினும் மலையாளச் சொல்லே நம் பொருளுக்கு இன்னும் அணுக்கமாக இருக்கிறது. பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை நினைக்கப் புகுந்தால், மனத்தில் முதலில் எழுவது நிகழ்ச்சி அன்று; அதைப் பார்த்த வீடுதான்.

நம் நகருக்குத் தொலைக்காட்சி வந்தது காலந்தாழ்ந்தே. டில்லியில் 1959-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் நாளும், சென்னையில் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் நாளும் ஒளிபரப்புத் தொடங்கிற்று. திருவனந்தபுரத்திற்கு அது 1982-ல்தான் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நகரை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து 1963-ம் ஆண்டு நவம்பரிலேயே முதல் ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. வானத்தை அளக்கப் புறப்பட்ட ஊர், வீட்டிற்குள் ஒரு படம் தெரிவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தது! அப்போதும் வந்தது பெரும்பாலும் டில்லி நிகழ்ச்சிகளே. 1985-ம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்றுதான் மலையாள ஒளிபரப்புத் தொடங்கியது. குடப்பனக்குன்று என்னும் பெயர், வானொலிக்கு வழுதக்காடு போல, அதன்பின் வீடுதோறும் வழங்கலாயிற்று.

அந்நாளில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் மட்டுமே பெட்டி இருந்தது. ஒன்று, கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனத்தார் செய்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. மரக்கூட்டிற்குள் வைத்து, வழுக்கும் கதவால் மூடி, மேலே பின்னல் துணி விரித்திருப்பர். மாலையானால் கூடத்தில் பாய் விரிக்கப்படும். பெரியோர் நாற்காலியிலும், சிறுவர் பாயிலும், வேலைக்கு வரும் பெண்டிர் வாயிற்படியிலும் அமர்வர். உள்ளே வர இயலாதார் சிலர் சன்னற் கம்பியைப் பிடித்து நின்றே பார்ப்பர். 1984-ம் ஆண்டு நவம்பர் 3-ம் நாள் இந்திரா காந்தி அம்மையாரின் இறுதி ஊர்வலம் ஒளிபரப்பப்பட்டபோது, அந்தச் சன்னலில் பத்துப் பன்னிரண்டு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அன்று வாயிற்படி, பாய் என்னும் வேறுபாடு இல்லை, எல்லோரும் அழுதனர். மறுநாள் வேறுபாடு மீண்டும் வந்துவிட்டது. பழமையைப் போற்றிப் பேசுவோர் கூடத்தை மட்டுமே சொல்லிச் சன்னலை விட்டுவிடுகின்றனர். ஆதலின் இதையும் சொல்லி வைக்கிறோம்.

தமிழ் வீடுகளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. சென்னையின் 'ஒளியும் ஒலியும்' நம் கம்பிக்கு எட்டாது. குடப்பனக்குன்றின் 'சித்ரகீதம்' மலையாளத்தில் இனிமையாகவே இருந்தது. எனினும் பாட்டிமார் தமிழுக்கு ஏங்கினர். அதற்கு வழிசெய்தது இலங்கை. 1982-ம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாகினி, அத்தீவின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையிலிருந்து ஒளிபரப்பிற்று. குமரிமுனை, தூத்துக்குடிக் கடற்கரைகளில் உயர்ந்த கம்பம் நட்டுக் கம்பியைத் தென்கிழக்கே திருப்பினால் அது கிடைக்கும். திருவனந்தபுரத்திலும் சில இரவுகளில் அகப்பட்டதுண்டு. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்வன. பூமியின் வளைவுக்கு அப்பால் அவை எட்டுவது அரிது. ஆனால் கடலின்மேல் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பக் காற்றும் அடுக்காகப் படியும் வேளைகளில், அலைகள் அவற்றிடையே வளைந்து, வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல் நெடுந்தொலைவு செல்லும். ஆகவே இன்று படம் தெரியுமா என்பது வானிலையைப் பொறுத்தது. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே ஒருவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போய்விட்டதே!" என்று கூவிய அந்தக் காட்சியை, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த எவரும் மறந்திரார்.

இனி விளம்பரங்களைப் பற்றிக் கூறுவோம். தூரதர்ஷனில் விளம்பரம் இடம்பெறத் தொடங்கியது 1976-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள். 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடர் வந்தபோது, நூடுல்ஸ் விற்கும் நிறுவனம் ஒன்றே அதன் செலவை ஏற்றது. இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும் உணவு என்று நம்மூர்ப் பாட்டிமார் அறிந்துகொண்டது அவ்வாறுதான். அதை அவர்கள் நம்பவில்லை என்பது வேறு செய்தி. நிர்மாப் பொடியின் வெள்ளைப் பாவாடைச் சிறுமி, அதற்கு எதிராகச் சர்ஃப் பொடிக்காகப் பேரம் பேசிய லலிதாஜி ஆகிய இவர்களெல்லாம் இந்தியிலே பேசினர். பொருள் தெரியாமலே நாம் அவற்றை ஒப்பித்தோம். லிரில் சோப்பு விளம்பரத்தில் பெண்ணொருத்தி நீராடிய அருவி கொடைக்கானலில் உள்ளதென்பதும், பாம்பார் அருவியை அவ்வூரார் இன்றுவரை லிரில் அருவி என்றே சொல்கின்றனர் என்பதும் பின்னாளில்தான் நமக்குத் தெரிய வந்தன.

பள்ளிப் பாடம் மறக்க, சோப்பு விளம்பரம் மறவாதது ஏன்? முதலாவது, மீண்டும் மீண்டும் வருதல். ஒரே ஒரு அலைவரிசை. ஆகவே ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் அதே முகத்தோடு வரும். அடிக்கடி கண்ட பொருளை அதன் காரணமாகவே மனம் விரும்பத் தொடங்குகிறது என்று உளநூலார் ராபர்ட் சயோன்ஸ் 1968-ல் சோதனை செய்து காட்டினார். இரண்டாவது, இசை. சந்தத்தோடு கட்டிய சொல்லை நினைவு எளிதில் நழுவவிடாது; வாய்பாட்டையும் விடுகதையையும் நம் முன்னோர் பாட்டாக்கியதும் இதனாலேயே. மூன்றாவது, வயது. நடுவயது கடந்தவரைத் தம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லும்படி கேட்டால், ஏறக்குறைய பத்து முதல் முப்பது வயது வரையிலான காலமே மிகுதியாகத் திரும்பி வருகிறதென ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அக்காலம் நமக்குத் தூரதர்ஷன் காலமாக அமைந்தது. நம் தந்தையார்க்கு அது வானொலிக் காலம். இலங்கை வானொலியின் விளம்பரங்களை அவர் இன்றும் ஒன்றுவிடாமல் சொல்வார். ஆதலின் அந்நாள் நிகழ்ச்சிகளே உயர்ந்தவை என்று வாதிடுவதற்கில்லை. பல நிகழ்ச்சிகள் சலிப்பூட்டுபவை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்னும் அட்டையையே நாம் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு.

2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது இராமாயணத் தொடர் மறுபடி ஒளிபரப்பாயிற்று. பலரும் பார்த்தனர். நம் வீட்டிலும் போட்டோம். இரண்டு வாரத்திற்குள் பிள்ளைகள் எழுந்து போய்விட்டனர். நாமும் கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடர் அதேதான். கூடம்தான் இல்லை.

பெருந்தொடர்கள் இவ்வாறு ஆவணச் சாலையில் காப்பாற்றப்பட்டுள்ளன. ஆனால் இடையே வந்த சிறு அறிவிப்புகளும் உள்ளூர்க் கடை விளம்பரங்களும் எங்கே? அவற்றைக் காத்து வைக்கவேண்டும் என்று அந்நாளில் எவருக்குத் தோன்றியிருக்கும்? நாடாவின் விலை அதிகம். அழித்துவிட்டு மறுபடி பதிவதே உலகெங்கும் வழக்கமாக இருந்தது. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனமே 'டாக்டர் ஹூ' என்னும் தன் புகழ்பெற்ற தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளை அவ்வாறு இழந்திருக்கிறது.

நம் நகரத்திற்கு இதில் ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது. வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் அந்நாளில் வீடியோப் பெட்டிகளைக் கொண்டுவந்தனர். அவற்றில் ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படத்தைப் பதிவு செய்தோர், இடையில் விளம்பரம் வந்தபோது பொத்தானை அழுத்தி நிறுத்த மறந்தனர். அம்மறதியால் பிழைத்தவையே இன்று நாம் காணும் பழைய விளம்பரங்களுள் பல. அந்நாடாக்கள் அலமாரிகளின் அடித்தட்டில், திருமண வீடியோக்களோடு கலந்து கிடக்கின்றன. நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக்கின்மேல் காந்தப் பொடியைப் பசைகொண்டு ஒட்டியதே. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரின் ஈரத்தில் அப்பசை இளகும். வெண்ணிறப் பூஞ்சை படரும். பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டினால் நாடாவும் கெடும், பெட்டியும் கெடும். வீடியோப் பெட்டி செய்து வந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானிய ஃபுனாயும் 2016-ம் ஆண்டு ஜூலையோடு அத்தொழிலை நிறுத்திவிட்டது.

சென்ற மழைக்காலத்தில் நம் அலமாரியைத் திறந்து பார்த்தோம். ஏழு நாடாக்களில் மூன்று வெண்மை பூத்திருந்தன. எஞ்சிய நான்கில் ஒன்றின்மேல் நம் தாயார் கையெழுத்தில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. உள்ளே யாது உளதென்று குறிப்பிடவில்லை. சாலைக் கடைத்தெருவில் இன்னும் ஒருவர் பழைய பெட்டி வைத்துக்கொண்டு பிரதி எடுத்துத் தருகிறாராம். மழை விட்டதும் கொண்டுசெல்ல வேண்டும்.