முதுகுக்குப் பின்னே ஒரு காலடி

பேய் வீட்டுப் படங்களில் நம்மை நடுங்கச் செய்வது காட்சியைவிட ஒலியே எனலாம். சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் முதற்படங்களை எடுத்த 1930களில் படச்சுருளில் ஒரே ஒலித்தடம்தான். எல்லா ஓசையும் திரைப்பக்கமிருந்தே வந்தது. 1995இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஒலியைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தது.

திசையை நாம் எவ்வாறு அறிகிறோம்? வலப்புறத்து ஓசை இடச்செவியை ஏறத்தாழ 0.0006 நொடி தாமதித்தே எட்டுகிறது. மூளை இந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டு திசையைக் கணிக்கிறது.

வீட்டில் பார்க்கும் டி.வி.டி. வட்டில் '5.1' என்றிருந்தால், முன்னே மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்னே இரண்டு ஒலிபெருக்கிகள் என்று பொருள். '.1' என்பது தாழ்ந்த அதிர்வுகளுக்கு மட்டுமான தனித்தடம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர்! நம் தலையோ அதன்முன் மிகச் சிறியது. ஆகவே அந்த உறுமலின் திசை எளிதில் புலப்படாது. 'எங்கிருந்தோ' வருவதாகத் தோன்றும். அச்சத்தின் வித்து அதுவே.

அதே வட்டைத் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிகளில் மட்டும் கேட்டால், பின்புறத் தடங்களும் முன்னோசையோடு கலந்துவிடும். இரண்டு சிறு ஒலிபெருக்கிகளைக் காதுகளுக்குச் சற்றுப் பின்னே, இரு பக்கமும் வைத்து இணைத்துப் பாருங்கள். காலடியோசை கேட்டதும் திரும்பிப் பார்ப்பீர்கள்!