ஐந்து மணி நேரத் தாமதம்: பணம் வரும், பயணம்?

பள்ளி விடுமுறைக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. டுரியான் துங்கால், அலோர் காஜா பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான்: "சென்னை விமானம் தாமதமானால் டிக்கெட் பணம் முழுதும் கிடைக்குமாமே, உண்மையா?"

பாதி உண்மை. மலேசியாவில் 2024 செப்டம்பர் 2 முதல், விமானம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணத்தைக் கைவிடுபவருக்கு முழுப் பணத்தையும் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் கார்டுக்கே வர வேண்டும். வவுச்சரைக் கையில் திணிக்க முடியாது. போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் இதைப் பயணிகளுக்கான பாதுகாப்பாக அறிவித்தார். ஆனால் காக்கப்படுவது நம் பணம். நம் பயணம் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவு 9 மணி விமானம். முதலில் 11.30 என்கிறார்கள். பிறகு 1 மணி, பிறகு 2.30. தாமதம் இப்படித் தவணை தவணையாகத்தான் வரும். 1 மணி என்று சொல்லும்வரை கணக்கில் நான்கு மணி நேரம்தான். அதுவரை நமக்குள்ள உரிமை சாப்பாடு, தொலைபேசி, இணையம் மட்டுமே. பொறுமையிழந்து வீட்டுக்குத் திரும்பியவர் பணத்தையும் இழக்கலாம். 2.30 என்று அறிவித்த பிறகுதான் தேர்வு நம் கைக்கு வருகிறது.

அந்தத் தேர்விலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திரும்பி வருவது நாம் பல மாதங்களுக்கு முன் கட்டிய விலை. விடுமுறைக் கூட்டத்தில் மறுநாள் டிக்கெட் என்ன விலைக்கு விற்கிறதோ, அந்த வித்தியாசம் நம் தலையில். நான்கு பேர் கொண்ட தோட்டத்துக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையல்ல. ஆகவே போயே ஆக வேண்டியவர்கள் அவசரப்பட்டுப் பணத்தைக் கேட்காதீர்கள், காத்திருங்கள். ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி இரவு தங்க நேர்ந்தால், ஹோட்டலும் வண்டியும் விமான நிறுவனத்தின் பொறுப்பு.

ஒவ்வொரு அறிவிப்பையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். 2025 மார்ச்சில் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையக் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, செயல்பாடு பாதிக்கப்படவில்லை என்றது அதிகாரிகளின் அறிக்கை. ஆனால் வெள்ளைப் பலகையில் கையால் எழுதிய விமான நேரங்களைப் படங்களில் பார்த்தோம். அறிக்கையை நம்பி இருக்காதீர்கள். ஆதாரம் உங்களிடம் இருக்கட்டும்.

விமானமே ரத்தானால்? பணமா, மாற்று விமானமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

சென்னை–மதுரை டிக்கெட்டைத் தனியாக வாங்கியிருந்தால்? முதல் விமானம் தாமதமாகி அதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. முடிந்தவரை ஒரே முன்பதிவாக வாங்குங்கள்.

சிம்பாங் அம்பாட் சாலை நெரிசலில் மாட்டி விமானம் தவறினால்? இந்த விதி கைகொடுக்காது, முன்கூட்டியே கிளம்புங்கள்.

பயணக் காப்புறுதி? எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் தருவார்கள் என்பதை வாங்கும் முன்பே படியுங்கள்.

பெட்டி உடைந்து வந்தால்? ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் செய்யுங்கள்; தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாள்.

புகார் யாரிடம்? முதலில் விமான நிறுவனத்திடம். 30 நாளில் தீராவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம். முன்பு இந்தப் புகார்களைக் கவனித்த மாவ்காம் அமைப்பு 2025 ஆகஸ்ட் 1 முதல் அதனுடன் இணைந்துவிட்டது.

அவ்வளவு அலைச்சல் தேவையா? தேவை, புகார் வராத இடத்தில் விதி மாறாது.