பொட்டலத்தின் முதுகு

என் சித்திக்கு எழுபத்தொரு வயது. சர்க்கரை நோய் வந்து பத்து வருடமாகிறது. மாலை நாலு மணிக்குச் சீனி போடாத காபி, கூடவே நாலு பிஸ்கட். அந்த பிஸ்கட்டைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை உண்டு. பொட்டலத்தின் முகப்பில் கோதுமைக் கதிர் ஒயிலாகச் சாய்ந்திருக்கும். நார்ச்சத்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். "சுகர் உள்ளவங்களுக்குன்னே வந்த பிஸ்கட்டுடா இது" என்பார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கை சும்மா இருக்காமல் பொட்டலத்தைத் திருப்பினேன். சேர்மானப் பட்டியலில் முதலில் நின்றது மைதா. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். அடுத்து பாமாயில், சர்க்கரை. முழுக்கோதுமை மாவு பின்னால் எங்கோ பதுங்கியிருந்தது. நூறு கிராமில் பதினாறு கிராம் சர்க்கரை. சத்தமாகப் படித்துக் காட்டினேன். சித்தி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப முன்னால எதுக்குடா கதிரைப் போட்டு வச்சிருக்கான்?"

மைதாவும் கோதுமையிலிருந்துதான் வருகிறது. ஆகவே படத்தில் பொய் இல்லை. அதுதான் சாமர்த்தியம்.

இந்தக் கதையை எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். பெரியப்பாவிடமிருந்து உடனே பதில்: "நாக்கைக் கட்டத் தெரியலைன்னா கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்? உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்." பெரியப்பா சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. யாரும் சித்தியின் வாயைப் பிளந்து பிஸ்கட்டைத் திணிக்கவில்லை. தின்றவர் அவர்தான். ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. தின்றது உப்பு என்று தின்றவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதே நிபந்தனை ஒருமுறை நியூயார்க் நீதிமன்றத்தில் அலசப்பட்டது. 2002இல் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த பள்ளிச் சிறுமிகள் இருவரின் பெற்றோர் மெக்டொனால்ட்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். அங்கே சாப்பிட்டுத்தான் பிள்ளைகளின் உடம்பு பெருத்தது, கூடவே நோயும் வந்தது என்பது புகார். அமெரிக்காவே கைகொட்டிச் சிரித்தது. இரவு நேரத் தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பல வாரங்களுக்குத் தீனி. விசாரித்த நீதிபதியின் பெயர் ராபர்ட் ஸ்வீட். நான் வைத்த பெயரில்லை, நிஜப் பெயரே அதுதான்.

2003 ஜனவரியில் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். பெரிய பெரிய அளவில் வாங்கி விழுங்கினால் எடை கூடும் என்று தெரிந்தே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில், ஒருவர் சாப்பிட்டால் அவருடைய மிதமிஞ்சிய பழக்கத்திலிருந்து அவரைக் காப்பது சட்டத்தின் வேலையல்ல என்றார். பெரியப்பா கட்சிக்கு முழு வெற்றி. 

ஆனால் தீர்ப்பில் இன்னொரு பகுதியும் இருந்தது. 'சிக்கன் மெக்நகெட்ஸ்' என்ற கோழித்துண்டை எடுத்துக்கொண்டு, அதில் என்னென்ன சேர்கின்றன என்று நீதிபதி வரிசையாக எழுதினார். சட்டியில் போட்டுப் பொரித்த கோழி அல்ல இது. வீட்டில் சமைக்கும் எவரும் கையால் தொடாத பொருள்களைக் கூட்டிச் செய்த ஃபிராங்கன்ஸ்டைன் வகையறா என்ற பொருளில் ஒரு கேலிச்சொல்லையே உருவாக்கினார். ஹாம்பர்கரைவிட கோழி உடம்புக்கு நல்லது என்று நினைத்து வாங்குகிற சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. பர்கர் கொழுப்பு என்பது ஊரறிந்த சங்கதி. கோழித்துண்டுக்குள் இருப்பது ஊரறியாதது. முதலாவதில் பொறுப்பு தின்றவனுடையது. இரண்டாவதில் அப்படிச் சொல்லிவிட முடியாது. கோடு எங்கே விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

வழக்கு பிறகு மேல்முறையீடு, திருத்தம் என்று பல வருடம் இழுபட்டு ஓய்ந்தது. அதற்குள் தொழில்துறை விழித்துக்கொண்டது. உணவு நிறுவனங்கள்மீது இப்படிப்பட்ட வழக்கே வரக் கூடாது என்று ஒரு மசோதா. அதன் பெயரிலேயே 'தனிமனிதப் பொறுப்பு' இருந்தது. 2004இலும் 2005இலும் அமெரிக்கக் கீழவையில் நிறைவேறி, செனட்டில் கரைசேரவில்லை. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தனித்தனியே அப்படிச் சட்டம் போட்டுக்கொண்டன. தாத்தா காலத்து அறிவுரை ஒன்று சட்டக் கவசமாக மாறிய கதை இது.

சரி, தெரிந்துவிட்டால் மட்டும் நாக்கு அடங்கிவிடுமா? இந்தக் கேள்விக்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் இருபது பேரை நாலு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய ஆலை உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறப்பட்டதில் இனிப்பு, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. வேண்டுமட்டும் சாப்பிடலாம். 2019இல் முடிவு வெளியானது. ஆலை உணவு கிடைத்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். எடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. ஆள் அதே ஆள், நாக்கு அதே நாக்கு. மாறியது தட்டு மட்டுமே. மனவுறுதி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து வந்து போகும் வஸ்து என்று பெரியப்பாகூடச் சொல்ல மாட்டார்.

இனிப்பு எந்த அளவில் இருந்தால் நாக்கு 'இன்னும், இன்னும்' என்று கேட்கும் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க நிபுணர்கள் உண்டு. ஹோவர்ட் மோஸ்கோவிட்ஸ் என்பவர் பிரபலப்படுத்திய அந்த அளவின் பெயரைத் தமிழில் சொன்னால் 'பேரின்பப் புள்ளி'. சித்தர்கள் தேடி அலைந்தது ஆலை ஆய்வகத்தில் கிடைத்திருக்கிறது.

நம் வீட்டுப் பலகாரம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதிரசம், மைசூர்பாகு, டீக்கடை வடை, கல்யாண வீட்டில் மூன்றாவது முறை கேட்டு வாங்கிய ஜாங்கிரி, இவற்றுக்கெல்லாம் எந்த ஆலை முதலாளியையும் கூண்டில் ஏற்ற முடியாது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று 2023இல் சொன்னது. இதில் பாலிஷ் போட்ட வெள்ளைச் சோற்றுக்கும், உட்கார்ந்தே கிடக்கும் உடம்புக்கும் பங்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது எவ்வளவு வெல்லம் போனது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜாங்கிரி தன்னை நார்ச்சத்து என்று சொல்லிக்கொள்வதில்லை. அதன்மேல் கதிர் படமும் கிடையாது. ஜாங்கிரி விஷயத்தில் நான் பெரியப்பா கட்சி.

குழந்தைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கும் பவுடர் விஷயத்தில் எதிர்க்கட்சி. 2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவில் சர்க்கரை எவ்வளவு என்று ஓர் இளைஞர் வீடியோ போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை எடுத்துவிட்டார். அதற்குள் லட்சக்கணக்கானோர் பார்த்தாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள், சேர்க்கும் சர்க்கரையை நிறுவனம் ஏறத்தாழ 14 சதவீதம் குறைத்தது. மறுவருடம் மத்திய வர்த்தக அமைச்சகம், இவற்றையெல்லாம் 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின்கீழ் விற்காதீர்கள் என்று இணைய அங்காடிகளுக்குச் சொன்னது. அந்தப் பெயரில் ஒரு வகையே சட்டத்தில் கிடையாதாம்! மூன்று தலைமுறைத் தாய்மார்கள் சட்டத்தில் இல்லாத ஒரு பொருளைப் பிள்ளைகளுக்கு ஆற்றி ஆற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர். அவர் பொறுப்பில்லாதவர் என்று என் எதிரே யாரும் சொல்லிவிட முடியாது. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பைக் காட்டித்தான் அந்த டப்பாவே அவரிடம் விற்கப்பட்டது.

இதில் எனக்குப் பிடிபட்ட இன்னொன்று, செய்முறை கல்வெட்டு அல்ல என்பது. ஒரு வீடியோவுக்கு 14 சதவீதம் குறைகிறது. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்குச் சர்க்கரை அளவைப் பொறுத்து வரி வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. அதுவரை ருசி கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான்.

படிக்கத் தெரிந்தவன் பின்பக்கத்தைப் படித்துக்கொள்ளட்டுமே என்ற வாதம் வரும். எழுத்தே தெரியாத என் ஆச்சி எந்தப் பொட்டலத்தை வாங்கினாலும் முதலில் பச்சைப் புள்ளியைத் தேடுவார். சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். இருபது வருடத்துக்கு மேலாக இந்தியப் பொட்டலங்களில் இருக்கும் அந்தக் குறி ஒரு மணி அரிசி அளவுதான். யாரும் வகுப்பு நடத்தவில்லை, ஆனால் நாடு முழுக்கத் தெரியும். முட்டை கலந்திருக்கிறதா என்று முகப்பில் சொல்ல முடிகிற நாட்டில், நூறில் முப்பது பங்கு சர்க்கரை என்பதைச் சொல்ல மட்டும் முதுகுப் பக்கம், எறும்பு எழுத்து.

சிலே நாடு இதை முகப்புக்குக் கொண்டுவந்தது. கிடோ ஹிரார்தி என்ற செனட்டர், தொழிலில் மருத்துவர், 2007இல் தொடங்கிய முயற்சி 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி என எது வரம்பை மீறினாலும் முகப்பில் ஒரு கறுப்பு எண்கோணம். அதில் எழுதியிருக்கும் 'ஆல்டோ' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு 'அதிகம்' என்றும் பொருள், 'நில்' என்றும் பொருள். முத்திரை குத்தியதைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது. அதன்மேல் பொம்மைப் படமும் போடக் கூடாது. காலை உணவு டப்பாக்களிலிருந்து பொம்மைப் புலி இறங்கிப் போனது. இனிப்பு பானங்களை வீடுகள் வாங்குவது ஏறத்தாழ கால்வாசி குறைந்ததாக 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. சிலேயில் தொப்பைகள் மாயமாகிவிடவில்லை. சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு ஏறியதும் உண்மை. ஆனாலும் கடையில் நிற்கும் தாய்க்கு முத்திரை கண்ணில் படுகிறது. சில வீடுகளில் பிள்ளைகளே முத்திரையை எண்ணி 'வேண்டாம்' என்கிறார்களாம்.

இங்கே? நமது உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சிவப்புக் குறி போடும் வரைவு ஒன்றை வெளியிட்டது. தொழில்துறை எதிர்த்தது, வரைவு கிடப்பில் போனது. 2022இல் வந்த புதிய வரைவில் எச்சரிக்கை இல்லை, நட்சத்திரம் இருந்தது. அரையிலிருந்து ஐந்து வரை. கெட்டதைக் கழித்து நல்லதைக் கூட்டிப் போடும் மதிப்பெண். நட்சத்திர முறையின் விளையாட்டை ஆஸ்திரேலியா ஏற்கெனவே பார்த்துவிட்டது. அங்கே மைலோ என்ற பானப் பவுடரின் டப்பாவில் நாலரை நட்சத்திரம் இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து குடிப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. பவுடருக்கு மட்டும் பார்த்தால் ஒன்றரைதான். கண்டனம் எழுந்து, 2018இல் நிறுவனமே அந்த நாலரையை எடுத்தது. பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணில் நம் பையன் பாஸ்!

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முகப்பு எச்சரிக்கை பற்றி மூன்று மாதத்தில் முடிவுக்கு வாருங்கள் என்றது. ஜூலையில் இன்னொரு மூன்று மாதம் கொடுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, அதீதமாகப் பதப்படுத்திய உணவுக்குக் கூடுதல் வரியை யோசிக்கலாம் என்றிருந்தது. செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. உலர்பழத்துக்கும் பாதாமுக்கும் வரி குறைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். கிரீம் பிஸ்கட்டை எதற்கு அந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்பதுதான் புரியவில்லை.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இந்த வகைத் தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு பள்ளி, எதிரே அண்ணாச்சியின் பெட்டிக்கடை. காலால் அளந்து பார்த்தேன். பதினெட்டு எட்டு. கடை முகப்பு முழுக்க ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. "பழம் வாங்கி வச்சா சாயந்தரத்துக்குள்ள கறுத்துருது தம்பி. இது ஆறு மாசம் தொங்கும். சரத்தை வண்டியில கொண்டாந்து அவனே மாட்டிட்டும் போயிருதான். நான் எதை விக்கட்டும்?" என்றார் அண்ணாச்சி. அவரிடம் போய்ப் பொறுப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதே கதிர் பிஸ்கட்டை இப்போதும் விடவில்லை, நாலு இரண்டாகியிருக்கிறது. "தெரிஞ்சா நானே நிறுத்திக்க மாட்டேனா?" என்றார். மாலையில் அண்ணாச்சி கடைக்குப் போனோம். புதிதாக வந்த ஒரு தினை பிஸ்கட்டைக் கையில் எடுத்தார். முகப்பில் இந்த முறை தினைக்கதிர். திருப்பி என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு படி."

மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அண்ணாச்சி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அவருக்கும் எட்டவில்லை. கடைசியில் என் செல்போனில் படம் பிடித்து, விரலால் விரித்துப் பெரிதாக்கினோம். மைதா தெரிந்தது. அதற்கு அடுத்த வரி பொட்டலத்தின் மடிப்புக்குள் போயிருந்தது.