கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருப்பது யாரு? பைசா செலவில்லாமல் பறவை பார்க்கலாம்!

விருத்தாசலத்துக்காரர்களிடம் கரண்ட் கம்பத்துப் பீங்கானைக் காட்டினால், "நம்ம ஊரு சரக்குதான்" என்றோ "இல்லை" என்றோ சொல்லிவிடுவார்கள். பீங்கான் ஊர் ஆயிற்றே! ஆனால் அந்தப் பீங்கானுக்கு மேலே, கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவை எது என்று கேட்டால்? "ஏதோ குருவிங்க!"

அந்த 'ஏதோ குருவி'யில்தான் விஷயமே இருக்கிறது.

பனங்காடைக்கு ஆபத்து

மைனாவைவிடப் பெரிசு. தலை கொஞ்சம் பெருத்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மங்கல் பழுப்பு. பறந்தாலோ இறக்கையில் பளீர் நீலம்! அதுதான் பனங்காடை. வயலோரக் கம்பியில் காத்திருந்து பூச்சி பிடிக்கும். விவசாயிக்கு சிநேகிதன்.

இந்தப் பனங்காடை நாட்டில் குறைந்துகொண்டே வருகிறது என்று 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை எச்சரித்தது. மயிலும் குயிலும் பெருகியிருப்பதையும் அதே அறிக்கைதான் சொன்னது.

இதை யார் எண்ணினார்கள்? பறவை பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் சுமார் 30 ஆயிரம் பேரின் குறிப்புகளை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். எழுதிவைக்க ஆள் இல்லாத ஊரில் ஒரு பறவை காணாமல் போனால், போனதே யாருக்கும் தெரியாது.

எப்படி ஆரம்பிப்பது?

பைனாகுலர் உடனே வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா போதும். காலை 6 மணி முதல் 8 மணி வரை நல்ல நேரம். மொட்டை மாடி, மணிமுத்தாற்றங்கரை, ஜங்ஷன் பிளாட்பாரம், எங்கே வேண்டுமானாலும் 15 நிமிஷம் அசையாமல் நில்லுங்கள்.

முதலில் அளவு. குருவி அளவா, மைனா அளவா, காக்கா அளவா? அடுத்து அலகு, வால், நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கை தட்டி விரட்டவும் கூடாது.

முதல் வாரத்துக்கு மூணு பேர்

உடம்பெல்லாம் கறுப்பு, வால் மட்டும் இரண்டாகப் பிரிந்திருந்தால் கரிச்சான். காக்காயையே துரத்தும் தைரியசாலி! சிவப்பு அலகு, வெள்ளை நெஞ்சு, நீல முதுகு என்றால் மீன்கொத்தி. சேற்று நிறத்தில் கண்ணுக்கே தெரியாமல் நின்று, பறக்கும்போது திடீரென்று வெள்ளையாக மாறினால் அது குருட்டுக் கொக்கு.

கை பழகிய பிறகு

அப்புறம் 8 மடங்கு பெரிசாகக் காட்டும் பைனாகுலர் வாங்கலாம். குளிர்காலத்தில் ரயிலேறி அரியலூரில் இறங்கி, அந்த மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குப் போகலாம். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே இறங்கும். 2024-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற ஏரி அது.

நோட்டில் இருப்பதை 'இ-பேர்ட்' என்ற செல்போன் செயலியில் போட்டுவிட்டால் நாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் சேரலாம். 2015 முதல் நடக்கிறது. கட்டணம் கிடையாது.

நாளைக்கு ரயில் லேட்டா? கோபப்படாதீர்கள். கம்பியைப் பாருங்கள். பனங்காடை உட்கார்ந்திருந்தால் மறக்காமல் எழுதிவையுங்கள்!