பெட்டைக்குட்டியைத் தூக்கும் முன்

கொழும்பு–கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டிப் பேராதனையை நோக்கி வரும் வழியில் இருக்கிறது பிலிமத்தலாவை. கடைத்தெரு, பஸ் தரிப்பிடம், ரயில் நிலையம், கடலாதெனிய விகாரைக்குத் திரும்பும் பாதை என்று ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லாத ஊர். இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஒரு தொல்லையும் உண்டு. வேண்டாத குட்டிகளைக் கொண்டுவந்து விடுவதற்குத் தோதான இடங்கள் இவைதான். ஆட்கள் வந்துபோவதால் யாராவது எடுத்துப் போவார்கள். கடைகள் இருப்பதால் மிச்சம் மீதி கிடைக்கும். விகாரையோ கோவிலோ பக்கத்தில் இருந்தால் பாவமும் அவ்வளவாக ஒட்டாது. விட்டுப் போகிறவரின் மனம் இப்படித்தான் கணக்குப் போடுகிறது.

அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் பெட்டைகள். கடுவன் குட்டியை யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பெட்டை நாய் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான், பிறகு குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்ற பயத்தில் அதை எவரும் தொடுவதில்லை. கடுவனாகப் பார்த்து வளர்த்து, இரவானால் அதை அவிழ்த்தும் விட்டு, காலையில் ஊரெல்லாம் கட்டாக்காலி நாய் பெருகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்களும் இதே ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

அந்தக் குட்டியைத் தூக்கலாமா? தாராளமாகத் தூக்கலாம். ஆனால் மடியில் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, விசர்நாய்க் கடியால் வரும் நீர்வெறுப்பு நோய். 1973இல் இலங்கையில் இந்த நோயால் இறந்தவர்கள் 377 பேர். நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி, கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவச மருந்து என்று பல பத்தாண்டுகள் பாடுபட்டதில் அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு 20, 30 என்ற அளவுக்கு இறங்கியது. இது பெரிய சாதனைதான். உலகளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேரை இந்த நோய் கொல்வதாக மதிப்பீடு. அவர்களில் பத்தில் நால்வர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. அறிகுறிக்கு முன் சிகிச்சையை முறைப்படி எடுத்துக்கொண்டால் சாவு ஏறக்குறைய இல்லை. இவ்வளவு தெளிவான கோடு வேறு எந்த நோயிலும் கிடையாது என்றே சொல்லலாம்.

இந்தக் கோட்டைப் பலர் தாண்டுவது பெரிய நாயின் கடியால் அல்ல. வாயில் நுரை தள்ளும் நாயைக் கண்டால் எவரும் ஓடிவிடுவார்கள். கையளவு குட்டி விரலைச் சப்பும்போது, ஊசிப் பல் தோலில் கீறும்போது, ஆஸ்பத்திரி நினைவு யாருக்கும் வருவதில்லை. குட்டிக்கும் இந்த நோய் வரும். பூனைக்கும் வரும். கிருமி உடலில் நுழைந்து நோயாக வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்பதால், தூக்கிய அன்று துள்ளி விளையாடும் குட்டி அடுத்த மாதம் என்ன ஆகும் என்று பார்வையால் சொல்ல முடியாது. அன்றைக்கே தடுப்பூசி போட்டாலும், முன்பே தொற்றிய கிருமியை அது விரட்டிவிடும் என்ற உறுதி இல்லை.

ஆகவே கடி, கீறல், புண்ணின்மேல் பட்ட எச்சில் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஓடும் குழாய் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள்; 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. பிறகு நேரே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிலிமத்தலாவையில் இருப்பவர்களுக்குப் பேராதனை போதனா வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் பஸ் ஏறிப் போகும் தூரம்தான். எந்த விலங்கு, ஊசி போட்டதா, இப்போது எங்கே இருக்கிறது என்று வைத்தியர் கேட்பார். நாயின் தடுப்பூசி அட்டை கையில் இருந்தால் அவருக்குத் தீர்மானிப்பது எளிது. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிட்டுப் போவது முட்டாள்தனம். அது உயிரோடு இருந்தால்தான் கண்காணிக்க முடியும். தானாகச் செத்துவிட்டால் உடனே புதைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவிக்க வேண்டும். தலையைப் பரிசோதித்தால் நோய் இருந்ததா என்பது தெரிந்துவிடும்.

அடிக்கடி நாய், பூனைகளை மீட்கிறவர்கள் கடிபடும் முன்பே தாங்கள் தடுப்பூசி எடுத்துக்கொள்வது பற்றி வைத்தியரிடம் கேட்டு வைப்பது நல்லது. நல்ல காரியம் செய்கிறவரைக் கிருமி விலக்கி வைப்பதில்லை.

குட்டியை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பழைய துவாயால் போர்த்தித் தூக்கி, துளையிட்ட பெட்டியில் வைத்து, வீட்டில் வேறு நாய், பூனை இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும். பார்வோ என்ற வைரசு வயிற்றோட்டம் குட்டிகளை ஓரிரு நாளில் வாரிக்கொண்டு போகும். அது மற்ற நாய்களுக்குத் தொற்றும், நிலத்திலும் பாத்திரத்திலும் நெடுநாள் தங்கும். மெலிந்த குட்டிக்கு மாட்டுப்பாலை நிறையக் கொடுத்தால் வயிறு கழிந்து இன்னும் மெலியும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு முதல் தேவை சூடு, அதன் பிறகுதான் உணவு. பூச்சி மருந்து கட்டாயம் கொடுக்க வேண்டும்; நாய்க்குடலின் வட்டப்புழு பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது.

பூனைக் குட்டிகளின் கதை கொஞ்சம் வேறு. தனியாகக் கத்தும் பூனைக்குட்டி எல்லாம் அநாதை அல்ல. தாய் இரை தேடப் போயிருக்கலாம், ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். உடனடி ஆபத்து இல்லையென்றால் சில மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பதே உதவி. காய்ச்சல் என்று நினைத்து பெனடோல் கொடுத்துவிடக் கூடாது; பரசிட்டமோல் பூனைக்கு விஷம்.

வைத்தியத்துக்கு இந்த வட்டாரத்தார் அலைய வேண்டியதில்லை என்பது அவர்களுடைய பாக்கியம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றன. நாட்டுக்குக் கால்நடை வைத்தியர்களை உருவாக்கித் தரும் இடம் அது. கண்டியில் தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்துவரும் ஒரு சங்கத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'விலங்கு நலத்தினூடாகச் சமூகப் பாதுகாப்புக்கான கண்டிச் சங்கம்'. பெயர் நீளம்தான், ஆனால் விஷயம் முழுவதும் அதிலேயே இருக்கிறது. நாயைக் காப்பது மனிதரைக் காப்பதற்கும்தான்.

நெடுங்காலம் இந்த நாட்டில் நேர்மாறான வழிதான் நடைமுறையில் இருந்தது. உள்ளூராட்சி சபைகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றன. 2006இல் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அதை நிறுத்தப் பணித்தார். கொல்லாமல் கருத்தடை, தடுப்பூசி என்பது அரசின் கொள்கையானது. கடலுக்கு அப்பால் சென்னையில் கப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலேயே இந்த வழியைக் கைக்கொண்டது. மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆயிற்று. கொன்றாலும் வேறு ஊரில் கொண்டுபோய் விட்டாலும் காலியான இடத்துக்கு அடுத்த நாய் வந்துவிடும், குப்பையில் சோறு இருக்கும்வரை. ஊசி போட்ட நாய் தன் தெருவிலேயே இருந்தால் நோய்க்கு அதுவே தடுப்பு. நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 1907ஆம் ஆண்டின் விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் சட்டம், அடித்தல், சித்திரவதை செய்தல், செயலாலோ செய்யாமல் விட்டதாலோ வீண் வேதனை தருதல் ஆகியவற்றைக் குற்றம் என்கிறது. தண்டப்பணம் உச்சமாக நூறு ரூபா. வெள்ளைக்காரன் காலத்தில் அது பெரும் பணம்; இன்று ஒரு பிளேன்டீயும் பணிசும் வாங்கவே இழுபறிப்படும் தொகை. சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் 2016இல் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடந்தது. ஆனால் பழைய சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நூறு ரூபாவுக்காக யார் பொலிஸ் போவது என்று கைவிடத் தேவையில்லை. நாய்க்குச் சுடுநீர் ஊற்றினாலோ நஞ்சு வைத்தாலோ படம் எடுத்து, கால்நடை வைத்தியரின் அறிக்கையைப் பெற்று, பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். குரைக்கிறது, முற்றத்தில் அசுத்தம் செய்கிறது என்ற பக்கத்து வீட்டுப் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபை போதும். வழக்கறிஞருக்குக் கொட்டும் காசில் இரண்டு நாய்க்குக் கருத்தடை செய்யலாம்.

சட்டத்தின் மறுபக்கமும் உண்டு. தத்தெடுத்த நாளிலிருந்து அந்த நாய்க்கு நீங்கள்தான் உரிமையாளர். அது ஒருவரைக் கடித்தால் நட்டஈடு கேட்டு வழக்குப் போட இலங்கையின் உரோமன்–டச்சுச் சட்டம் இடம்தருகிறது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது. உள்ளூராட்சி சபையில் பதிந்து வைப்பதும் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துவதும் பின்னால் கைகொடுக்கும். 'சும்மா சோறு வைக்கிறேன், நாய் என்னுடையதல்ல' என்ற பேச்சு ஊரில் சாதாரணம். ஆனால் அப்படிச் சொல்லப்படும் நாய்க்குத்தான் யாரும் ஊசி போடுவதில்லை.

குட்டியைப் பிறரிடம் கொடுக்கிறவர்கள் கூச்சப்படாமல் கேள்வி கேட்க வேண்டும். சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? பகல் முழுதும் சங்கிலியில் கிடக்குமா? கருத்தடைக்கு நாள் குறித்துக் கொடுப்பார்களா? தோட்டத்து லயத்தில் இடம் குறைவு என்பதற்காக ஒருவரை மறுக்க வேண்டியதில்லை. பெரிய மதில் வீட்டில் மூன்று அடிச் சங்கிலியில் கிடக்கும் நாயைவிட லயத்து வாசலில் பிள்ளைகளோடு திரியும் நாய்க்கு வாழ்க்கை நன்றாகவே இருக்கும். ஒரு வாரம், ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்போம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் குட்டியைக் கொடுக்காதீர்கள்.

நிரந்தரமாக வளர்க்க முடியாதவர்கள் சில வாரம் தங்கவைத்துக் கொடுக்கலாம். அதற்கும் ஒரு விலை இருக்கிறது: தீனி, பூச்சி மருந்து, ஊசி, அயலவரின் முணுமுணுப்பு. பெட்டையானால் கருத்தடையை முடித்தே கைமாற்றுவது நல்லது, குட்டி மிகச் சின்னதானால் எடுப்பவரிடம் தேதியோடு எழுதி வாங்க வேண்டும். கருத்தடை செய்த பெட்டை என்றால் கேட்டு வருகிறவர்கள் கூடுகிறார்கள். அட்டைப்பெட்டியில் அதைத் தள்ளிய பயம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நாய்களுக்கான நடமாடும் தடுப்பூசி முகாம் உங்கள் பகுதிக்கு அடுத்து எப்போது வருகிறது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வையுங்கள். அன்று உங்கள் நாயோடு, கடைவாசலில் படுத்திருக்கும் அந்த யாருடையதுமல்லாத நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள்.