வெர்ப் எங்கே பாஸ்?

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போற நம்ம பசங்க பல பேர் கெத்தா சொல்ற வாக்கியம், 'மை ஃபாதர் எ ஃபார்மர்'. கேட்கிறவருக்குப் புரிஞ்சிடும். ஆனா, அதுல வெர்ப்பே இல்லை!

இது முட்டாள்தனம் இல்லை, தாய்மொழிப் பழக்கம். 'எங்க அப்பா விவசாயி' என்பது தமிழில் முழு வாக்கியம். வினைச்சொல் இல்லாம ஒரு பெயர்ச்சொல்லே பயனிலையா நிக்கும். நம்ம இலக்கணத்துல இதுக்குப் 'பெயர்ப் பயனிலை'ன்னே பேர் உண்டு. இங்கிலீஷ்ல அந்தப் பருப்பு வேகாது. 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்'னு ஒரு 'இஸ்' வந்தே ஆகணும்.

சரி, வெர்ப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஈஸி! வாக்கியத்தைப் பழைய கதையா மாத்துங்க. எந்த வார்த்தை உருமாறுதோ, அதுதான் வெர்ப். 'ஸ்விம்மிங் இஸ் மை ஹாபி'யில 'ஸ்விம்மிங்' வெர்ப் மாதிரி வேஷம் போடும். ஏமாறாதீங்க. பழைய கதையாக்கினா 'ஸ்விம்மிங் வாஸ் மை ஹாபி'. மாறினது 'இஸ்' மட்டும்தானே?

அடுத்தது சிம்பிள் பிரெடிகேட். மெயின் வெர்ப்பும் அதுக்குத் துணையா வர்ற ஹெல்ப்பிங் வெர்ப்பும் சேர்ந்த கூட்டணி. 'ஷி ஹாஸ் நாட் ரிசீவ்டு ஹெர் ஹால் டிக்கெட்' வாக்கியத்துல 'ஹாஸ் ரிசீவ்டு'தான் அது. நடுவுல புகுந்த 'நாட்' அட்வெர்ப், கூட்டணியில சேராது. 'எவர்', 'நெவர்', 'ஆல்வேஸ்' எல்லாமும் அப்படியே. கேள்வியா இருந்தா, முதல்ல பதில் மாதிரி திருப்பிப் போட்டுப் பாருங்க.

இதனால என்ன லாபம்? 'ஸ்பாட்டிங் எரர்ஸ்' கேள்விகள்ல மார்க்! 'தி பாக்ஸ் ஆஃப் புக்ஸ் ஆர் ஹெவி' சரியா, தப்பா? வெர்ப் 'ஆர்'. இப்போ வெர்ப்பைப் பார்த்து 'எது கனம்?'னு கேளுங்க. பாக்ஸ்தான் கனம், அது ஒண்ணே ஒண்ணு. அதனால 'இஸ்'தான் சரி. பக்கத்துல நிக்கிற 'புக்ஸ்' சும்மா கவனத்தைத் திருப்ப வந்த ஆள்.

இன்னிக்கே ஒரு இங்கிலீஷ் பேப்பரை எடுங்க. ஒரு செய்தியில ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வெர்ப்பை மட்டும் வட்டம் போடுங்க. தலைப்பை விட்டுடுங்க. இடத்தை மிச்சம் பிடிக்க அங்கே 'இஸ்', 'ஆர்' எல்லாத்தையும் வெட்டிடுவாங்க. அவங்க தெரிஞ்சு வெட்டுறாங்க. நாம தெரியாம விட்டுடக் கூடாது, அவ்வளவுதான்!