நான்காவது ஓட்டக்காரர்

தஞ்சைச் சீமையில் சங்கீத வித்வான்களைப் பற்றிக் கேட்டால் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லுவார்கள். ஓட்டக்காரர் பெயரைக் கேட்டாலோ விழிப்பார்கள். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த ராஜேஷ் ரமேஷ் திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளை.

2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில், தலைக்கு 400 மீட்டர் ஓடும் தொடரோட்டத்தின் தகுதிச் சுற்று. அனஸ், அமோஜ், அஜ்மல் மூவருக்கும் பின் கடைசியாக ஓடியவர் இவரே. 2 நிமிஷம் 59.05 விநாடி, அன்றைக்கு அது ஆசிய சாதனை! அமெரிக்கர் மட்டுமே முந்தினர். மறுநாள் அங்கேயே ஈட்டியெறிந்து தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவைக் குழந்தைகளும் அறியும். அந்தக் கீர்த்தி அவருக்குத் தகும். தொடரோட்டத்திலோ புகழும் நாலு பங்காகிவிடுகிறது.

அக்டோபரில் ஹாங்சௌவில் அதே நால்வர் தங்கம் வென்றனர். ஆசிய விளையாட்டில் இப்பந்தயத்தில் 1962க்குப் பின் பாரத ஆடவருக்கு முதல் தங்கம். கும்பகோணத்தில் யாரும் பட்டாசு கொளுத்தியதாக நாம் கேள்விப்படவில்லை.